காசிமேட்டு வலையும் ஒரு புதுப் பாட்டும்: பழைய பாடல், புதிய பாடல் குறித்த உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

ராயபுரம் ஓய்வாசிரியர்

இப்போது வருவதெல்லாம் பாட்டா என்று கேட்பவர்களில் நானும் ஒருவனாகவே இருந்தேன். சென்ற மாதம் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நடந்த ஒன்று மட்டும் மனத்தை விட்டு அகலாமல் இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கட்டிக் கிடந்தன. நிழல் விழுந்த இடமெல்லாம் வலையைப் பரப்பிக் கிழிசல்களைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். என் பழைய மாணவரின் மகன், பத்தொன்பது வயது இருக்கும், கைப்பேசியில் ஒரு புதுப் பாட்டை உரக்க வைத்துக்கொண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். அதில் ஒரு வரிகூட எனக்கு விளங்கவில்லை. "தம்பி, டி.எம்.எஸ். பாட்டு ஒன்று வையேன், காதுக்கு இதமாக இருக்கும்" என்றேன். மறுபேச்சில்லாமல் வைத்தான்.

அப்போதுதான் அவன் கையைக் கவனித்தேன். அதுவரை வலை ஊசி கண்ணிக்குள் நுழைவதும், வெளியே வருவதும், முடிச்சு இறுகுவதும் பாட்டின் அடியோடு அடியாகச் சீராகப் போய்க்கொண்டிருந்தன. பாட்டு மாறியதும் ஊசி ஒரு கணம் அந்தரத்தில் நின்றது; பிறகு கண்ணி தவறி, நூல் அவன் பெருவிரலில் சிக்கியது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த அவனுடைய தாத்தாதான், "சார், அவனுக்குக் கைக்கு வரல. அவன் பாட்டையே வுட்ருங்க" என்றார். அவருக்கு என்னைவிட ஏழெட்டு வயது அதிகம். டி.எம்.எஸ். உச்சத்தில் இருந்தபோது வாலிபராக இருந்தவர் அவர். அவருக்கு வராத கோபம் எனக்கு ஏன் வந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன். இப்படி ஏதாவது உங்களுக்கும் நடந்திருந்தால் எழுதுங்கள்.

வண்ணாரப்பேட்டை கேசட் கடை

ஐயாவுக்கு வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் பத்தொன்பது ஆண்டுகள் பாட்டுப் பதிவுக்கடை வைத்திருந்தேன். வாடிக்கையாளர் சீட்டில் பாட்டுகளை எழுதித் தருவார். நான் 60 அல்லது 90 நிமிட கேசட்டில் பதிந்து தருவேன். 1987ஆம் ஆண்டு பி அண்டு சி துணி மில்லில் வேலை பார்த்த ஒரு பெரியவர் வந்து, பழைய இசையமைப்பாளர்களான ஜி. ராமநாதன், சுப்பையா நாயுடு பாட்டுகள் மட்டும் வேண்டும், இளையராஜா ஒன்றுகூடக் கலந்துவிடக் கூடாது, அந்த டிரம்ஸ் சத்தம் தலைவலி தருகிறது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். மறக்கக் கூடாதென்று கேசட்டின் அட்டையிலேயே சிவப்பு மையில் "ராஜா வேண்டாம்" என்று குறித்து வைத்தேன்.

போன ஆண்டு அவருடைய மகன் அதே கேசட்டைக் கொண்டுவந்து, பென் டிரைவில் மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். என் கையெழுத்து மங்காமல் இருந்தது. மாற்றிக்கொண்டிருக்கும்போதே அவர், "ராஜாவோடு பாட்டு முடிந்துவிட்டது அண்ணே, இந்த அனிருத் காலத்தில் எல்லாம் வெறும் இரைச்சல்" என்றார். அட்டையைத் திருப்பி அவரிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலச் சீட்டுகள் ஒரு கட்டு என்னிடம் இன்னும் இருக்கின்றன. எல்லாச் சீட்டிலும் திரும்பத் திரும்ப வருவது ஏறக்குறைய அதே பாட்டுகள்தாம். அதே ஆண்டுகளில் வெளிவந்து ஒருவரும் கேட்காமல் என் அலமாரியிலேயே தூசு படிந்த கேசட்டுகள் நூற்றுக்கணக்கில் இருந்தன; அவற்றில் பலவற்றைக் கேட்டால் இன்றைய பாட்டை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். காலம் வடிகட்டித் தந்ததை மட்டும் வைத்துக்கொண்டு, வடிகட்டாமல் இன்று கொட்டுவதோடு ஒப்பிடுகிறோம்.

பெரம்பூர் வயலின்

கடைக்கார அண்ணனின் கதை உருக்கமாக இருக்கிறது. ஆனால் அதை வைத்து எதுவும் மாறவில்லை என்று முடிவு கட்டுவதை நான் ஏற்க மாட்டேன். முப்பது ஆண்டுகள் மெல்லிசைக் குழுவிலும் கோடம்பாக்கத்துப் பாட்டுப் பதிவுகளிலும் வாசித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: மாறியிருக்கிறது, காதால் கேட்டே சொல்லிவிடலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பதிவுக்கு அழைத்தார்கள். யாருடையது என்று சொல்ல விரும்பவில்லை. அறையில் நான் ஒருத்திதான். இடையிசையின் முதல் நான்கு தாளவட்டங்களை வாசித்தேன். மூன்றாவது முறை வாசித்ததும், கண்ணாடிக்கு அப்பால் இருந்த இளைஞர் "போதும் மேடம், நன்றி" என்றார். இரண்டாவது இடையிசைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். இதையே நகல் எடுத்து ஒட்டிக்கொள்வோம், எட்டு வயலின் போலக் கேட்கும்படியும் செய்துகொள்வோம் என்றார். வில்லில் பூசிய ரோசின் பொடி விரலில்கூட ஒட்டியிருக்கவில்லை, வேலை முடிந்துவிட்டது.

என் குருநாதர் காலத்தில் பாடகரும் நாற்பது ஐம்பது வாத்தியக்காரர்களும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாசித்தார்கள். கடைசி அடியில் ஒருவர் பிசகினாலும் பல்லவியிலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும். முதல் சரணத்துக்குப் பின் வரும் வயலினும் இரண்டாம் சரணத்துக்குப் பின் வரும் வயலினும் ஒருபோதும் அச்சாக ஒன்றாக இருக்காது. அந்த மயிரிழை வேறுபாட்டைத்தான் நாம் உயிர் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். 2012ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள், 1955 முதல் 2010 வரையிலான நான்கரை லட்சத்துக்கு மேற்பட்ட மேற்கத்தியப் பாடல்களைக் கணினியில் அளந்து, ஓசைநயத்தின் வகைகள் குறுகியிருப்பதையும் சத்தத்தின் அளவு ஏறிக்கொண்டே வந்திருப்பதையும் காட்டினார்கள். அந்த ஐம்பது பேரின் வீட்டில் அடுப்பெரிந்த கதையை இதில் நான் சேர்க்கவே இல்லை.

வியாசர்பாடி கானா

அக்கா சொல்வது அவர் பக்கத்து உண்மை. ஆனால் அந்த ஐம்பது பேர் உட்கார்ந்த அறைக்குள் எங்கள் ஆட்களை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? எங்கள் தெருவில் சட்டியையும் டோலக்கையும் வைத்துக்கொண்டு சாவு வீட்டில் விடிய விடியப் பாடிய கானாவை, அந்தப் பொற்காலத்தில் யாரும் இசை என்று மதிக்கவில்லை. இசையமைப்பாளர் தேவா 1990களில் கானாவைப் படத்துக்குள் கொண்டுவந்தார். அதற்கும் தரம் தாழ்ந்துவிட்டது என்றுதான் பேச்சு வந்தது. 2012க்குப் பிறகுதான் புளியந்தோப்புப் பக்கத்துக் குரல்கள் அவர்கள் பெயரோடு பெரிய அளவில் வெளியே கேட்டன. 2017ஆம் ஆண்டு தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு உருவாகி, அடுத்த சனவரியில் முதல் மேடை ஏறியபோது நானும் கூட்டத்தில் நின்றேன்.

என்னை உறுத்துவது வேறொன்று. என் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவருடைய பதினாறாம் நாள் இரவு, ஆயா என்னைக் கூப்பிட்டு, "தெரிஞ்ச பாட்ட பாடாதடா, அவருக்குன்னு ஒண்ணு பாடு" என்றது. மூட்டையின் கொக்கி, அவர் தோளில் இருந்த தழும்பு, கூலி வாங்கிய நாளில் வாங்கி வரும் பக்கோடா என்று கைக்கு வந்ததைக் கட்டிப் பாடினேன். மூன்றாவது அடியில் ஆயா என் வாயைத் தன் கையால் பொத்திவிட்டது. அழுததா, போதும் என்றதா, இன்றும் எனக்குத் தெரியாது. அந்தப் பாட்டு எங்கும் பதிவாகவில்லை. அன்றைக்குப் பிறந்த பாட்டு அது. பழையதுதான் உயர்ந்தது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வருகிறது.

கொருக்குப்பேட்டை மைக் செட்

என் அனுபவம் சின்னது. ஆடி மாதம் கூழ் ஊற்றும் விழாவில் ஒரு பெரியம்மா வந்து, பாட்டில் ஒரு வார்த்தை புரியவில்லை, நிறுத்தப்பா என்றார். கூம்பு ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டுப் பெட்டி ஸ்பீக்கரை வைத்து, கனத்த ஓசையைக் குறைத்ததும் அதே பாட்டுக்குக் கைதட்டினார்.

ஆசிரியர் ஐயா கேட்கவில்லை என்றாலும் இதைச் சொல்லிவிடுகிறேன். பழைய பாட்டுகளில் குரல் முன்னால் நிற்கும்; ரேடியோவிலும் கூம்பிலும் கேட்கப்போகிறார்கள் என்று தெரிந்து, நடு ஓசையில்தான் எல்லாவற்றையும் அமைத்தார்கள். புதுப் பாட்டின் பாதி உயிர் அடித்தளத்தில், 40, 60 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கருக்கு அந்த ஓசை வரவே வராது. மிஞ்சுவது தகரம் தட்டுகிற சத்தம் மட்டுமே. அதைக் கேட்டுவிட்டு இசையமைப்பாளரைத் திட்டுவது, குழம்பை வடித்துவிட்டுச் சக்கையைச் சாப்பிட்டு உப்பில்லை என்பதுபோல ஆகும். ஆகவே முதலில் நல்ல ஹெட்போன் வாங்குங்கள். காதை முழுக்க மூடுகிற வகை நல்லது. அடுத்து, ரீல்ஸில் வரும் முப்பது விநாடியை வைத்து முடிவு செய்யாமல், பாட்டை முதலிலிருந்து கடைசிவரை மூன்று முறையாவது கேளுங்கள். அறுபது வயதுக்கு மேல் மெல்லிய உயர்ந்த ஓசைகள் காதில் குறைந்துகொண்டே வரும். ச, த, ப போன்ற எழுத்துகள் மழுங்கிப்போவதற்கு அதுவும் காரணம். ஒருமுறை காதுப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. வயலின் அக்கா சொன்ன சத்தப் பிரச்சினை உண்மைதான். ஆனால் இப்போது பாட்டுச் செயலிகள் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்துவிடுவதால், உரக்கப் பதிந்து முந்திக்கொள்ளும் ஆதாயம் குறைந்துவிட்டது. செயலியின் அமைப்பில் அந்தச் சமன்படுத்தும் வசதி இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரம்பூர் வயலின்

கானா தம்பிக்கு: நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் அறைக்குள் டோலக் வந்தது, அதை வாசிக்கக் கற்றுத் தந்த தெரு வரவில்லை. அதை நான் யோசித்ததே இல்லை.

ஆசிரியர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் வைக்கச் சொன்ன டி.எம்.எஸ். பாட்டு மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடையில் ஆடி அசைந்து போகிற வகையா? அப்படியானால் நாலு அடிக்கு ஒரு முடிச்சு என்று பழகிய கை தடுமாறத்தான் செய்யும்; அதில் பழைய பாட்டின் குற்றமும் இல்லை, பையனின் குற்றமும் இல்லை. ஒரு முடிச்சுக்கு எத்தனை அடி என்று எண்ணிப் பார்த்தீர்களா?

ராயபுரம் ஓய்வாசிரியர்

பாட்டு நீங்கள் சொன்ன ஊஞ்சல் நடைதான் அம்மா. இப்போது முனகிப் பார்க்கும்போது தெரிகிறது. அடியை நான் எண்ணவில்லை. கேட்கலாம் என்று நேற்றுக் காலை காசிமேட்டுக்குப் போனேன். ஜூன் 14 நள்ளிரவோடு தடைக்காலம் முடிந்து படகுகள் போய்விட்டன, அவனும் போய்விட்டான். தாத்தா மட்டும் இருந்தார், அவருக்கு எண்ணிக்கை தெரியவில்லை. படகு திரும்பியதும் பையனிடம் கேட்டு எழுதுகிறேன்.