தட்டில் சிப்ஸ் இருந்தால் விளையாட்டுச் சாமான் பக்கமே திரும்பமாட்டேன் என்கிறான், என்ன செய்வது?

கொழிஞ்சாம்பாறை அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு ஜில்லா என்றாலும் வீட்டில் தமிழ்தான். மகனுக்கு ஆறு வயது, ஆட்டிசம், இன்னும் பேச்சு வரவில்லை. சட்டைப் பொத்தான் போடப் பழக்குகிறேன், போட்டதும் கையோடு பிடித்ததைக் கொடுக்க வேண்டும், அதற்கு முதலில் எது பிடிக்கும் என்று பாருங்கள் என்றார்கள். ஒரே தட்டில் நேந்திரங்காய் சிப்ஸ், முறுக்கு, கடலை மிட்டாய், கூடவே பம்பரம், சோப்புக் குமிழி டப்பா, ஓணத்துக்கு வாங்கிய குட்டிச் செண்டை எல்லாம் வைத்தேன். மூன்று நாளும் சிப்ஸ், முறுக்கு, மிட்டாய், அதே வரிசை. சிப்ஸை மூக்குகிட்டே வைத்து முகர்ந்துவிட்டு மெதுவாகக் கடிப்பான், செண்டை மேல் கண்ணே போகாது. நாள் முழுக்க வறுவல் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, ஏற்கனவே பல்லில் சொத்தை. விளையாட்டுச் சாமான் இவனுக்கு வேலைக்கே ஆகாதா?

வாளையார் பயிற்சியாளர்:
ஆகாது என்று இப்போதே முடிவு கட்டாதீங்க அக்கா. ஒரே தட்டில் வைத்ததுதான் பிரச்சனை. 1997-ல் டிலியோன், இவாட்டா, ராஸ்கோ என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் இதையே 14 பேரிடம் சோதித்தார்கள். தின்பண்டத்தைத் தனியாக, விளையாட்டுப் பொருளைத் தனியாக, அப்புறம் இரண்டையும் கலந்து. கலந்து வைத்தபோது 12 பேருக்குச் சாப்பாடு மேலே ஏறி விளையாட்டுப் பொருள் கீழே போய்விட்டது. ஆனால் அப்படிக் கீழே போன பொருளையே இரண்டு பேருக்கு வேலைக்குப் பரிசாகக் கொடுத்துப் பார்த்தால், அது நன்றாகவே வேலை செய்தது. வரிசையில் கீழே வந்தது என்றால், பக்கத்தில் அதைவிடப் பிடித்தது இருந்தது என்று மட்டும்தான் அர்த்தம்.

அதனால் பிரித்து வையுங்கள். ஒரு வகையில் ஆறு பொருள் என்றால் இரண்டிரண்டாக 15 ஜோடி வரும், ஒவ்வொரு ஜோடியையும் காட்டி எதை எடுக்கிறான் என்று நோட்டில் குறியுங்கள். இடது வலது மாற்றி மாற்றி வைக்க வேண்டும், சில பிள்ளைகள் எப்போதும் ஒரே பக்கம்தான் கை நீட்டும். எடுத்ததை அரை நிமிஷம் விளையாட விடுங்கள். தின்பண்டம் பார்க்கும் நாளில் சின்னத் துண்டு போதும், வயிறு நிறைய சாப்பிட்ட கையோடு பார்க்காதீங்க.

வேலந்தாவளத்திலிருந்து ஒரு அப்பா:
மேலே தம்பி சொன்னது சரி, ஆனால் எங்கள் பெண்ணிடம் பொருளைக் கொடுத்துத் திரும்ப வாங்கினால் போச்சு, தலையைச் சுவரில் இடிப்பாள், ஜோடி ஜோடியாகப் பார்க்கவே முடியவில்லை. அப்புறம் பாயில் எல்லாவற்றையும் பரப்பிவிட்டு எதையும் பிடுங்காமல் ஐந்து நிமிஷம் கடிகாரம் பார்த்து, எதோடு எவ்வளவு நேரம் இருக்கிறாள் என்று எழுதினோம். அழுகையே இல்லை. சகோதரி, இன்னொன்று, கடையில் வாங்கியதை மட்டும் வைக்காதீங்க. சும்மா இருக்கும்போது எதைத் தேடிப் போகிறான் என்று இரண்டு நாள் பாருங்கள்.

கொழிஞ்சாம்பாறை அம்மா:
அண்ணா, நீங்கள் சொன்ன பிறகுதான் கவனித்தேன். அடுக்களையில் சில்வர் சம்புட மூடியை எடுத்துச் சிமெண்டுத் தரையில் சுழற்றிவிட்டு, அது நிற்கப்போகும்போது கடகடவென்று அடிக்கும் பாருங்கள், அதற்காகக் காதைத் தரையில் வைத்துப் படுத்துக்கொள்கிறான். இத்தனை நாள் சத்தம் தாங்காமல் நான்தான் பிடுங்கி மேலே வைத்துக்கொண்டிருந்தேன், நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. தின்பண்டம் இல்லாமல் பார்த்ததில் மூடிதான் முதல், அடுத்தது குமிழி, செண்டை கடைசி. இனி பொத்தானுக்கு மூடியையே கொடுக்கலாமா?

வாளையார் பயிற்சியாளர்:
தாராளமாக அக்கா. ஆனால் எடுத்தான் என்பதாலேயே அது ரீயின்ஃபோர்சர், அதாவது வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் பரிசு, ஆகிவிடாது, அதற்காக வேலை செய்கிறானா என்பதுதான் கணக்கு. முதலில் ஒன்றும் கொடுக்காமல் சில நாள் எத்தனை பொத்தான் போடுகிறான் என்று எண்ணுங்கள், அப்புறம் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு சுற்று மூடி. எண்ணிக்கை ஏறினால் அதுதான் பதில். மற்ற நேரம் மூடி அவன் கைக்கு எட்டாமல் இருக்கட்டும், நாள் முழுக்கக் கிடைத்தால் அதற்காக ஏன் பொத்தான் போடப்போகிறான்? ஆசை மாறிக்கொண்டே இருக்கும், அதனால் பயிற்சிக்கு உட்காரும்போதெல்லாம் மூன்று பொருளை முன்னால் வைத்து இன்றைக்கு எது என்று அவனையே எடுக்கவிடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை அம்மா:
சரி தம்பி. இன்று சும்மா எண்ணியதில் ஐந்தில் ஒன்று போட்டான். திங்கள்கிழமை மூடியோடு தொடங்கிவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.