ஓலைக்கொட்டான்: விளிம்பு தளர்கிறது, கரும்புள்ளி விழுகிறது. என்ன செய்யலாம்?

கேள்வி (வள்ளியூர்)

வணக்கம். தங்கச்சி மகள் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கருப்பட்டி வைத்துக் கொடுக்க, கையகல ஓலைக்கொட்டான்கள் (பனையோலைச் சின்னக் கூடைகள்) பின்னிக்கொண்டிருக்கிறேன். நல்ல குருத்தோலை, திசையன்விளைப் பக்கத்திலிருந்து வந்தது. பின்னல் அழகாக வருகிறது, முடிப்பதில்தான் சிக்கல். பின்னிய அன்றைக்கு வாய் கிண்ணென்று நிற்கிறது. அப்புறம் கட்டங்களுக்கு நடுவே வெளிச்சம் தெரிகிறது, மடித்துச் செருகிய நுனிகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. பசை வைத்தால் அந்த இடம் மட்டும் பளபளவென்று தனியாகத் தெரிகிறது. சிலவற்றின் அடியில் கரும்புள்ளி வேறு.

இன்னொன்று: பத்தமடைப் பாய்த் துண்டில் சின்னப் பை தைக்க நினைத்தேன். வெட்டியதுமே கோரை உருவிக்கொண்டு வருகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் (திசையன்விளை)

அக்கா, பசையை எடுத்து வைத்துவிடுங்கள், அது வேண்டாம். ஈர ஓலை கொஞ்சம் உப்பியிருக்கும், காயும்போது சுருங்கும். ஈரத்தோடு பின்னி ஈரத்தோடே விளிம்பை மடித்தால், எவ்வளவு இறுக்கினாலும் காய்ந்ததும் இடைவெளி விழத்தான் செய்யும்.

சுவர் உயரம் வந்ததும் நிறுத்துங்கள். நுனிகள் பிரியாமல் துணி மாட்டுகிற கிளிப்பைச் சுற்றிலும் போட்டு, காற்றோட்டமான நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். காய்ந்தபின் அடியிலிருந்து மேலாக ஒவ்வோர் ஓலையையும் கோணி ஊசி முனையால் நெம்பி இழுத்து இறுக்கிக்கொண்டே வாருங்கள். நான்கு விரல் உயரக் கொட்டானிலேயே சுவர் நன்றாகக் கீழே இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும், ஆனால் கொட்டானின் ஆயுள் இதில்தான் இருக்கிறது.

அதன்பிறகு நுனிகளை மட்டும் ஈரத்துணியால் சுற்றி, வளைகிற பதம் வந்ததும் மடியுங்கள். மூன்று கட்டமாவது உள்ளே போகும்படி செருகி, மிச்சத்தைச் சாய்வாக நறுக்குங்கள். நறுக்கிய முனை இன்னோர் ஓலைக்கு அடியில் ஒளிந்துகொள்ள வேண்டும். வாய் இன்னும் உறுதியாக வேண்டுமென்றால் மடிப்புக்குள் ஈர்க்கு வளையம் ஒன்று கொடுத்து, மெல்லிய ஓலை இழையால் சுற்றித் தையுங்கள். ஈர்க்கின் இரண்டு முனைகளையும் பாதியாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று படிய வைத்தால் சேரும் இடம் புடைக்காது.

பதில் (சேரன்மாதேவி)

கரும்புள்ளி பூசணம்தான். நனைத்த ஓலையை பிளாஸ்டிக் பைக்குள் ராத்திரி முழுக்கப் போட்டு வைத்தால் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சும்மா அடுக்கி வைத்தாலே வரும். அன்றன்றைக்குப் பின்னுகிற ஓலையை மட்டும் நனையுங்கள். முடித்த கொட்டானைக் காலை வெயிலில் கவிழ்த்து வையுங்கள். உச்சி வெயிலில் நாள் முழுக்கக் கிடந்தால் ஓலை மொறுமொறுத்து மடிப்பில் ஒடியும்.

லேசாகப் புள்ளி விழுந்ததை வினிகர் தொட்ட துணியால் துடைத்துக் காயவைக்கலாம். ஆனால் கறை முழுதாகப் போகாது. அதில் கருப்பட்டி வைக்க வேண்டாம், வளையலோ ரிப்பனோ போட்டு வைக்க ஆகும்.

பதில் (பத்தமடை)

பாயை வெட்டுவதற்கு முன்னாலேயே தைத்துவிட வேண்டும். வெட்டும் கோடு போட்டு, அதன் இரண்டு பக்கமும் மிஷினில் ஒவ்வொரு தையல், அப்புறம்தான் கத்தரி. தையலைக் கொஞ்சம் நீளமாக வையுங்கள். நெருக்கிப் போட்டால் ஊசி குத்திய வரிசையிலேயே கோரை முறிந்துவிடும். வெட்டிய ஓரத்துக்குப் பருத்தித் துணிப் பட்டி மடித்துத் தையுங்கள். இவ்வளவு நுணுக்கமாக நெய்த பாய், துண்டு என்றாலும் வீணாக்க மனசு வராது.

கேள்வி கேட்டவர் (வள்ளியூர்)

எல்லாருக்கும் நன்றி. திசையன்விளை அண்ணாச்சி சொன்னபடி ஒரு கொட்டானைக் காயவைத்து இறுக்கினேன், இப்போது வெளிச்சமே தெரியவில்லை. பளபளப்புக்கு வார்னிஷ் அடிக்கலாமா?

பதில் (திசையன்விளை)

தின்பண்டம் வைக்கிற கொட்டானுக்கு வேண்டாம் அக்கா. வாசனை கருப்பட்டியில் ஏறும். ஓலைக்குள் ஈரம் மிச்சமிருந்தால் அது வெளியே போகவும் வழியிருக்காது. காய்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தாலே குருத்தோலைக்கு ஒரு மினுமினுப்பு வரும். சாயம் போட்ட ஓலை கலந்திருந்தால் உள்ளே வாழையிலைச் சருகு ஒன்று வைத்து அதன்மேல் கருப்பட்டியை வையுங்கள், சாயம் ஒட்டாது.