சிஸ்கலும் ஈபர்ட்டும் சினிமா விமர்சனத்தைக் கெடுத்தாங்களா?

பழைய பால்கனி:
ஸ்டார் ரேட்டிங் இழைல நெகட்டிவ் ரோல் ஒரு வரி எழுதிட்டுப் போயிருக்கார். "டிவில ரெண்டு பேர் உக்காந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்ட ஆரம்பிச்ச அன்னைக்கே சினிமா விமர்சனம் செத்துப்போச்சு"ன்னு. அதுக்கு அங்கயே இருபது பேர் கைதட்டல் வேற. படிச்சதும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு, அதான் தனி இழை.

ரெண்டு பேரும் அமெரிக்க சினிமா விமர்சகர்கள். ஜீன் சிஸ்கல் சிகாகோ ட்ரிப்யூன், ரோஜர் ஈபர்ட் சிகாகோ சன்-டைம்ஸ். ஒரே ஊர்ல எதிரெதிர் பேப்பர், ஒருத்தர் எழுதுறதை இன்னொருத்தர் முந்தணும்னு நிக்கிற ஆளுங்க. 1975ல டபிள்யூடிடிடபிள்யூங்கற சிகாகோ டிவி சேனல்காரங்க இந்த ரெண்டு பேரையும் ஒரே செட்ல உக்கார வெச்சாங்க, மாசத்துக்கு ஒரு தடவை. 1978ல பிபிஎஸ்ங்கற பொதுத் தொலைக்காட்சி அதை நாடு முழுக்கக் கொண்டுபோச்சு. அங்க கட்டைவிரலே கிடையாது, எஸ் இல்ல நோ, அவ்ளோதான். 82ல வேற கம்பெனி, 86ல டிஸ்னியோட புவேனா விஸ்டா. 1999 பிப்ரவரில சிஸ்கல் இறக்குற வரைக்கும் இந்த ஜோடி ஓடுச்சு. படம் பாக்கலாம்னா மேல, வேண்டாம்னா கீழன்னு கட்டைவிரல் காட்டுறது கடைசி அஞ்சு செகண்டு. அதுக்கு முன்னாடி ஒரு விமர்சகர் தன் கருத்தை, அதை ஏத்துக்காத இன்னொரு விமர்சகர் முகத்துக்கு நேரா வெச்சு நியாயப்படுத்தணும். இது எந்தப் பேப்பர்ல நடந்துச்சு? சொல்லுங்க பாப்போம்.

நெகட்டிவ் ரோல்:
தேதியெல்லாம் நல்லாத்தான் ஒப்பிக்கிறீங்க. எனக்கு ஒரே ஒரு கேள்வி. 1987, ஒரே எபிசோடு. டைரக்டர் ஸ்டான்லி குப்ரிக்கோட வியட்நாம் போர்ப் படம் ஃபுல் மெட்டல் ஜாக்கெட்டுக்கு ஈபர்ட் கட்டைவிரல் கீழ. பென்ஜி தி ஹன்டட்னு ஒரு நாய் படம், அதுக்குக் கட்டைவிரல் மேல. இதுக்குப் பதில் சொல்லிட்டு அப்புறம் 1975க்குப் போங்க.

பழைய பால்கனி:
இது வரும்னு தெரியும். எப்போ இந்தப் பேச்சு வந்தாலும் யாராவது ஒருத்தர் அந்த நாயைக் கூட்டிட்டு வந்துடுவாங்க. சரி, பேசுவோம். ஈபர்ட் பேப்பர்ல ஃபுல் மெட்டல் ஜாக்கெட்டுக்கு ரெண்டரை ஸ்டார், பென்ஜிக்கு மூணு. அவர் கணக்குல மூணுன்னா விரல் மேல, ரெண்டரைன்னா கீழ, அரை ஸ்டார் வித்தியாசம்தான். அவர் குப்ரிக் படத்தைக் குப்பைன்னு சொல்லல, உருவம் சரியா வராத படம்னார். முதல் பாதி ட்ரெயினிங் கேம்ப், அதுல பயிற்சி கொடுக்கறவரா நடிச்ச ஆர். லீ எர்மி நிஜமாவே அமெரிக்க மரீன் படைல ட்ரில் இன்ஸ்ட்ரக்டரா இருந்தவர், அந்தப் பகுதியோட பலத்தை ஈபர்ட்டும் ஒத்துக்கிட்டார். ரெண்டாவது பாதி வியட்நாம், ஆனா எடுத்தது இங்கிலாந்துல, அது செட்டு மாதிரியே தெரியுதுன்னார். அதுக்கு முந்தின டிசம்பர்லதான் இன்னொரு வியட்நாம் படம் பிளட்டூன் வந்திருந்துச்சு, அந்தச் சூட்டோட பார்த்தவருக்கு அப்படித் தோணுனதுல என்ன ஆச்சரியம்?

பென்ஜி விஷயத்துக்கு வாங்க. அது குழந்தைங்க படம். காட்டுல தொலைஞ்சுபோன நாய், வேட்டைக்காரன் சுட்டதால தாயை இழந்த பூமா குட்டிங்களைப் பாத்துக்குது, அதுங்களுக்கு வேற ஒரு தாயைத் தேடிக் கொடுக்கப் பாக்குது, படம் முழுக்க மனுஷங்க பேசுறது ரொம்பக் கம்மி. தான் செய்ய வந்ததை அந்தப் படம் செஞ்சுதான்னு பாத்து மூணு ஸ்டார் கொடுத்தார். ரெண்டு படத்தையும் ஒரே தராசுல வெச்சு நாய் படம் உசத்தின்னு அவர் எங்கயும் சொல்லல.

நெகட்டிவ் ரோல்:
இவ்ளோ நீளமா எழுதி என்ன பிரயோஜனம். குப்ரிக் கீழ, நாய் மேல. டிவில பாத்தவனுக்கு ரெண்டரை, மூணெல்லாம் தெரியுமா? அவனுக்குத் தெரிஞ்சது ரெண்டு விரல்தான். இதைத்தான் விமர்சனம் செத்துப்போச்சுன்னு சொல்றேன்.

கறுப்புவெள்ளை:
நடுவுல வரேன். இந்த இழைல சிஸ்கல்னு ஒருத்தர் இருக்கார், அது யாருக்காவது ஞாபகம் இருக்கா? அந்த எபிசோட்ல ஈபர்ட்டை அங்கயே பிடிச்சவர் சிஸ்கல்தான். பென்ஜிக்கு மேல காட்டிட்டு இதுக்குக் கீழ காட்டுறியேன்னு நேராவே கேட்டார். நெகட்டிவ் ரோல் இன்னைக்குக் கேக்குற கேள்வியை அவர் 1987லயே கேட்டாச்சு. எல்லாரும் ஈபர்ட் ஈபர்ட்னு பாடுறாங்க, பத்திரிகைக்காரங்களுக்குக் கொடுக்கற புலிட்சர் பரிசை வாங்கிட்டார்ங்கிற ஒரே காரணத்துக்கு.

பழைய பால்கனி:
அதான் பாயிண்ட்டே! கறுப்புவெள்ளை சொன்னதைத் திரும்பப் படிங்க நெகட்டிவ் ரோல். நீங்க குத்தம்னு காட்டுற இடத்துலதான் அந்த நிகழ்ச்சி தன் வேலையைச் செஞ்சிருக்கு. பேப்பர்ல மட்டும் எழுதியிருந்தா ரெண்டரை ஸ்டாரும் மூணு ஸ்டாரும் தனித்தனிப் பக்கத்துல கிடந்திருக்கும், யாரும் சேத்துப் பாத்திருக்க மாட்டாங்க. டிவிங்கறதால பக்கத்து சீட்ல இருக்கறவர் உடனே கேக்குறார். ஈபர்ட்டும் மழுப்பல, ரெண்டையும் ஒப்பிடுறது நியாயமே இல்லன்னு திருப்பி அடிச்சார். ரெண்டு பேரும் டேப்பிங்குக்கு முன்னாடி படத்தைப் பத்திப் பேசிக்கறதைத் தவிர்ப்பாங்க, அதனால அந்தக் கோவம் ஒத்திகை பாத்த கோவம் இல்ல. புலிட்சர் பத்தி ஒரு வார்த்தை. 1975ல சினிமா விமர்சனத்துக்காக அந்தப் பரிசு வாங்குன முதல் ஆள் ஈபர்ட். அதைச் சும்மா "வாங்கிட்டார்"னு தள்ளிவிடாதீங்க.

இடைவேளை:
எல்லாரும் ஒரு விஷயத்தை விட்டுட்டீங்க. பென்ஜி தி ஹன்டட் டிஸ்னி ரிலீஸ். நிகழ்ச்சி யாரோடது? புவேனா விஸ்டா. அதுவும் டிஸ்னி. ஃபுல் மெட்டல் ஜாக்கெட் யாரோடது? வார்னர். இதுக்கு மேல நான் எதுவும் சொல்லல.

நெகட்டிவ் ரோல்:
ஆஹா! இது எனக்கே தோணல. பழைய பால்கனி, இப்போ என்ன சொல்றீங்க?

பழைய பால்கனி:
சம்பளம் வாங்குனது ரெண்டு பேரும். சிஸ்கலும் அதே டிஸ்னி கிட்டதான் சம்பளம் வாங்குனார், அவர் பென்ஜிக்குக் கீழ காட்டுனார். டிஸ்னி சொல்லி ஆடுறதா இருந்தா ரெண்டு விரலும் மேல போயிருக்கணும். பழி போடுறதுக்கு முன்னாடி பக்கத்து சீட்டையும் பாருங்க இடைவேளை. போன மாசமும் இப்படித்தான் ஏதோ ஒரு சதின்னு பாதி சொல்லிட்டு "இதுக்கு மேல சொல்லல"ன்னு ஓடுனீங்க, கேட்டதுக்கு இன்னும் பதில் வரல.

இடைவேளை:
அதுக்குப் பதில் சொல்லியாச்சு, நீங்கதான் படிக்கல. உங்களுக்குப் பிடிச்ச பதில் வந்தாத்தான் அது பதில்.

கறுப்புவெள்ளை:
சிஸ்கல் நேர்மையான ஆளுன்னு கடைசில நீங்களே சொல்லிட்டீங்க, நன்றி. இன்னொன்னும் ஒத்துக்கோங்க, ப்ளூ வெல்வெட் படத்துக்கு ஒரு ஸ்டார் போட்டவர் உங்க ஈபர்ட். சிஸ்கல் மேல காட்டுனார். காலம் யார் பக்கம் நின்னுச்சு?

பழைய பால்கனி:
அப்படிப் பாத்தா சைலன்ஸ் ஆஃப் த லாம்ப்ஸுக்குக் கீழ காட்டுனவர் யாரு? உங்க சிஸ்கல்தான். காலம் அங்க யார் பக்கம் நின்னுச்சு? ஆளுக்கு அஞ்சு படம் எடுத்துப் போட்டு மார்க் எண்ணுறதுக்கா நான் இந்த இழையைத் தொடங்குனேன்? ப்ளூ வெல்வெட்டுக்கு ஈபர்ட் ஏன் அவ்ளோ கோவப்பட்டார்னு அவர் எழுதுனதைப் படிச்சிருக்கீங்களா? இசபெல்லா ரோஸலினி அவ்ளோ தூரம் தன்னை ஒப்புக்கொடுத்து நடிச்சிருக்காங்க, அந்த வலிக்கு ஈடா படம் எதையும் தரலங்கறதுதான் அவர் வாதம். நடிகைக்காகப் பேசுனார். அது தப்பா சரியாங்கறது வேற, அதுல ஒரு நிலைப்பாடு இருக்கு.

நெகட்டிவ் ரோல்:
நிலைப்பாடு இருக்கற ஆளு நாய் படத்துக்கு விரல் தூக்குனார்.

அப்புறம் இதை நான் மட்டும் சொல்லல. 1990ல ஃபிலிம் காமெண்ட் பத்திரிகைல விமர்சகர் ரிச்சர்ட் கார்லிஸ் இதையேதான் எழுதுனார், டிவி கட்டைவிரலால எழுத்து விமர்சனத்துக்கு இனி எதிர்காலம் இருக்கான்னே கேட்டார். அதுக்குப் பதில் எழுதுன ஈபர்ட், எங்க நிகழ்ச்சி ஆழமான விமர்சனம் இல்லைங்கறதை முதல்ல ஒத்துக்கறது நான்தாங்கற மாதிரி எழுதுனார். அவரே ஒத்துக்கிட்டதை நீங்க ஏன் இப்படி மல்லுக்கட்டி மறுக்கறீங்க?

பழைய பால்கனி:
அந்தக் கட்டுரையோட மீதியையும் சொல்லுங்க. அரை மணி நேர நிகழ்ச்சி, விளம்பரம் போக மிச்சம் இருக்கறதுல நாலஞ்சு படம், படத்துண்டு வேற காட்டணும். ஆழம் எப்படி வரும்? ஆழம் வேணும்னா மறுநாள் பேப்பர் இருக்கு, ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் எழுதுறதை விடல. கார்லிஸோட பத்திரிகை போய்ச் சேராத வீடு எத்தனை? அங்கல்லாம் எல்லாப் படமும் விளம்பரமாத்தான் வந்துச்சு, யாரும் "இந்தப் படத்துல இது சரியில்ல"ன்னு வாய்விட்டுச் சொல்லல. இந்த ரெண்டு பேர்தான் சொன்னாங்க.

ஹூப் ட்ரீம்ஸ் எடுத்துக்கோங்க. சிகாகோவுல பாஸ்கெட்பால் ஆடுற ரெண்டு பையன், வில்லியம் கேட்ஸும் ஆர்தர் ஏஜியும். ஸ்டீவ் ஜேம்ஸ் வருஷக்கணக்கா அவங்க பின்னாடியே கேமராவோட போயி எடுத்த டாக்குமெண்டரி, கிட்டத்தட்ட மூணு மணி நேரம். பெரிய ஸ்டார் கிடையாது, சண்டை கிடையாது. வாங்கி வெளியிட ஆள் கிடைக்கறதுக்கு முன்னாடியே இவங்க ரெண்டு பேரும் நிகழ்ச்சில அதைப் பத்திப் பேசிட்டாங்க. 1994ல வந்த படங்கள்லயே முதல் இடம்னு ரெண்டு பேரும் அதைத்தான் சொன்னாங்க. ஆஸ்கர்ல சிறந்த டாக்குமெண்டரிக்கு நாமினேஷனே கொடுக்கல, அதையும் இவங்க சும்மா விடல. கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு கம்ப்யூட்டர்ல கலர் பூசி டிவில போட ஆரம்பிச்சப்போ தனி எபிசோடே பண்ணி எதிர்த்தாங்க. வீடியோ கேசட்ல படத்தோட ரெண்டு பக்கத்தையும் வெட்டாதீங்க, மேலயும் கீழயும் கறுப்புப் பட்டையோட முழுசா காட்டுங்கன்னு விடாம சொன்னாங்க. இதெல்லாம் விமர்சனத்தைக் கொன்னவங்க செய்ற வேலையா?

பின்சீட்டு:
புதுசா சேந்திருக்கேன். பென்ஜி படம் நான் பாத்தேன், நல்லாத்தான் இருக்கு. அந்த ஓநாய் துரத்துற இடமெல்லாம் பயமாவே இருக்கும்.

நெகட்டிவ் ரோல்:
பாத்தீங்களா, இப்படித்தான் ஒரு தலைமுறையே கெட்டுப்போச்சு.

பழைய பால்கனி:
பின்சீட்டு, வாங்க. நீங்க சொல்றது நம்ம பேச்சுக்கு உதவாது, இருந்தாலும் படத்தைப் பாத்துட்டுப் பேசுறீங்க. நெகட்டிவ் ரோல், நீங்க அந்தப் படத்தைப் பாத்தீங்களா? பாத்துட்டுத்தான் இத்தனை தடவை நாய் நாய்னு எழுதுறீங்களா?

நெகட்டிவ் ரோல்:
குப்ரிக்கை விட உசத்தியா இல்லையான்னு சொல்ல அதைப் பாக்கத் தேவையில்ல.

பழைய பால்கனி:
அடடா. பாக்காத படத்தைப் பத்தி ஒரு பொழுது பூரா எழுதிட்டு, விமர்சனம் செத்துப்போச்சுன்னு ஒப்பாரி வேற. ஈபர்ட் பாத்துட்டு மூணு ஸ்டார் போட்டார். நீங்க பாக்காமயே தீர்ப்பு எழுதிட்டீங்க. இதுல எது விமர்சனம்?

இடைவேளை:
பால்கனி சாருக்கு ஒரு கேள்வி. பியாண்ட் த வேலி ஆஃப் த டால்ஸ் படத்துக்குத் திரைக்கதை எழுதுனது ஈபர்ட்தானே? ரஸ் மேயர் படம், 1970. அதை எழுதுனவர் மத்தவங்க படத்துக்கு மார்க் போடலாமா? சிஸ்கலே ட்ரிப்யூன்ல அந்தப் படத்தைக் கிழிச்சுத் தொங்கவிட்டார்.

கறுப்புவெள்ளை:
இதை நான் சொல்லணும்னு இருந்தேன். "சிஸ்கல் & ஈபர்ட்"னு நிகழ்ச்சி பேர்ல சிஸ்கல் பேர் முதல்ல வர்றதுக்கும் காரணம் இருக்கு.

பழைய பால்கனி:
என்ன காரணம்? காசு சுண்டிப் போட்டுப் பாத்தாங்க, சிஸ்கல் ஜெயிச்சார், அதனால அவர் பேர் முதல்ல. அதுல தகுதி எங்க வந்துச்சு? இடைவேளை சொன்னதுக்கு வரேன். ஆமா, எழுதுனார், அதை அவர் மறைக்கவும் இல்ல. சிஸ்கல் அந்தப் படத்தைத் திட்டி எழுதி அஞ்சு வருஷம் கழிச்சு, அதே ஆளு பக்கத்துல உக்காந்து சண்டை போட ஈபர்ட் ஒத்துக்கிட்டார். தன் படத்தை மோசம்னு சொன்னவன் மூஞ்சிலயே முழிக்கக் கூடாதுன்னு இருக்கறவங்கதான் இங்க அதிகம். ஸ்டார் ரேட்டிங் இழைல நான் ஒரு வரி மறுத்துப் பேசுனதுக்கு நெகட்டிவ் ரோல் என்னை பிளாக் பண்ணி வெச்சிருந்தார், ஞாபகம் இருக்கா?

நெகட்டிவ் ரோல்:
பிளாக் பண்ணது நீங்க ஒரே விஷயத்தைப் பக்கம் பக்கமா எழுதுனதால. இங்கயும் அதையேதான் பண்றீங்க. முகத்துக்கு நேரா பேசுனா விமர்சனம் வளரும்னு சொல்றீங்களே, 1996ல ப்ரோக்கன் ஆரோ படத்துக்கு என்னாச்சு? சிஸ்கல் மேல காட்ட வந்தவர், ஈபர்ட் பேசுறதைக் கேட்டுட்டு அங்கயே கீழ மாத்திக்கிட்டார். தியேட்டர்ல முழுசா பாத்து எடுத்த முடிவு, பக்கத்து சீட்காரன் ரெண்டு நிமிஷம் பேசுனதும் மாறிடுச்சுன்னா அந்த முடிவுக்கு என்ன மதிப்பு?

பழைய பால்கனி:
அதுக்குத்தான் மதிப்பு! வாதத்தைக் கேட்டு, அது சரின்னு பட்டதும், கேமரா முன்னாடி, எல்லாரும் பாக்க, அதுவும் எந்த ஆளை ஜெயிக்கணும்னு இத்தனை வருஷமா மல்லுக்கட்டுனாரோ அந்த ஆளு முன்னாடியே மாத்திக்கிட்டார். எந்தப் பேப்பர்ல எந்த விமர்சகர் மறுவாரம் "அவர் சொன்னது சரி, என் முடிவை மாத்திக்கறேன்"னு எழுதியிருக்கார்? விமர்சனம் உயிரோட இருக்குங்கறதுக்கு நான் காட்டுற சாட்சியே அந்த எபிசோடுதான்.

கறுப்புவெள்ளை:
மாத்திக்கிட்டவர் சிஸ்கல். இதையும் ஈபர்ட் கணக்குலயே எழுதிக்காதீங்க. பென்ஜிக்குத் தூக்குன விரலை சிஸ்கல் அவ்ளோ கேட்டும் உங்க ஆளு இறக்குனாரா?

பழைய பால்கனி:
இறக்கல. ஏன் இறக்கணும்? ப்ரோக்கன் ஆரோல ஈபர்ட் காரணம் சொன்னார், சிஸ்கலுக்கு அது சரின்னு பட்டுச்சு. பென்ஜில சிஸ்கல் சொன்னது காரணமே இல்ல, ரெண்டு படத்தைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டுனார், அவ்ளோதான். நீங்க அந்த ரெண்டு எபிசோடையும் பாத்துட்டு வாங்க கறுப்புவெள்ளை, பேசலாம். நெகட்டிவ் ரோல் முதல்ல பென்ஜியைப் பாக்கட்டும்.

நெகட்டிவ் ரோல்:
பாக்க மாட்டேன்.