எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியின் இனவாரி வாசிப்பு விவரத்தை எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி: முதுநகர்ப் பெற்றோர்

வணக்கம். கடலூர் முதுநகரை ஒட்டிய கடற்கரைச் சிற்றூர் ஒன்றின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். நான் அங்கே பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து 47 பிள்ளைகள், ஆசிரியர்கள் இருவர். சென்ற கூட்டத்தில் ஐந்தாம் வகுப்பின் தமிழ் வாசிப்பு விவரம் ஒரு தாளில் சுற்றுக்கு வந்தது. சென்ற ஆண்டு 9 பேரில் 7 பேர் ஒரு பத்தியைத் திக்காமல் வாசித்திருக்கிறார்கள், அதாவது 78 சதவீதம். இவ்வாண்டு 8 பேரில் 4 பேர்தான், 50 சதவீதம். அதற்குக் கீழே இனவாரியாகப் பிரித்து, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 60 சதவீதம், ஆதிதிராவிடர் 33 சதவீதம் என்று எழுதியிருந்தது.

தாளைப் பார்த்த உறுப்பினர் ஒருவர், "யாரால் இறங்குகிறது என்று இதிலேயே தெரிகிறதே" என்று சொல்லி, அதை மடித்து அடுத்தவரிடம் நீட்டினார். அந்த ஆதிதிராவிடப் பிள்ளைகளில் ஒருவனின் தாயார் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். அந்த உறுப்பினர் சொன்னது தவறு என்று எனக்குத் தோன்றியதே தவிர, ஏன் தவறு என்று எடுத்துச் சொல்ல முடியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், பண்ருட்டி

ஐயா, முதலில் சதவீதத்தைத் தலைகளாக மாற்றிப் பாருங்கள். 33 சதவீதம் என்பது மூன்று பிள்ளைகளில் ஒருவர். 60 சதவீதம் என்பது ஐவரில் மூவர். ஆதிதிராவிடப் பிள்ளைகள் மூவரில் இன்னும் ஒருவர் வாசித்திருந்தால் ஆதிதிராவிடர் கணக்கு 67 ஆகி, இப்போது மேலே இருப்பவர்களைத் தாண்டியிருக்கும். ஒரு பிள்ளைக்கு அன்று காய்ச்சல் என்றாலே தலைகீழாகிவிடும் கணக்கை வைத்து ஒரு சமூகத்தைப் பற்றிப் பேசக் கூடாது.

அடுத்து, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்ற ஒரே கட்டத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நம் மாவட்டத்தில் வன்னியரும் அதில்தான், மீனவரும் அதில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானம் நின்றுபோகும் வீட்டுப் பிள்ளையும், இரண்டு ஏக்கர் கரும்பு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளையும் அந்தத் தாளில் ஒன்றாகிவிடுகிறார்கள்.

நான் வேலை பார்த்த ஊர் முந்திரிக்காட்டு ஊர். ஐந்தாம் வகுப்பில் ஒரு மாணவன் எழுதும்போது இடக்கையால் நோட்டைப் பிடிக்க மாட்டான். முழங்கையால் அழுத்திக்கொண்டுதான் எழுதுவான். ஒரு நாள் கையை விரிக்கச் சொன்னேன். கொட்டையின் எண்ணெய் பட்டு விரல் நுனிகள் கறுத்துத் தோல் உரிந்திருந்தன. இரவு நெடுநேரம் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கொட்டை உடைப்பார்களாம். வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் முந்திரிப் பருவத்தில்தான் அவனுக்கு விடுப்பு மிகுந்திருந்தது. அதே பருவத்தில் அதே அளவு விடுப்பு எடுத்த இன்னும் நான்கு பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் வேறு சமூகம், ஆனால் அதே தொழில். எனவே மதிப்பெண் பட்டியலுக்குப் பக்கத்தில் வருகைப் பதிவேட்டை வைத்துப் படியுங்கள் என்பதே என் யோசனை. 2023 ஆகஸ்டு 25 முதல் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாகியிருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் உங்கள் பள்ளியில் வருகை எப்படி இருந்தது என்றும் பாருங்கள்.

மறுமொழி 2: புள்ளியியல் மாணவி, புதுச்சேரி

தலைமையாசிரியர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சென்ற ஆண்டின் 9 பேரும் இவ்வாண்டின் 8 பேரும் வேறு வேறு பிள்ளைகள். 78 என்பது 50 ஆனதால் எந்தப் பிள்ளையோ பின்தங்கிவிட்டது என்று ஆகிவிடாது. இந்த எட்டுப் பேர் வேறிடத்திலிருந்து புறப்பட்டிருக்கலாம். இவர்கள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான எண்ணும் எழுத்தும் திட்டத்தில், கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் எங்கே இருந்தார்கள் என்று கேளுங்கள். அரும்பில் தொடங்கி இன்று சொற்றொடரைக் கூட்டி வாசிக்கும் பிள்ளை, பத்தியை வாசிக்கவில்லை என்பதற்காக இந்தத் தாளில் பூஜ்யமாக நிற்கிறது.

தனியார் பள்ளியோடு ஒப்பிட்டும் யாராவது பேசுவார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் சேர்க்கை தொடங்கும் வகுப்பில் 25 சதவீத இடம் நலிவுற்ற பிரிவினருக்கு உண்டு. விண்ணப்பம் போட்டு, சான்றிதழ் வாங்கி, அலைந்து திரிய நேரமுள்ள பெற்றோரின் பிள்ளைகள் அங்கே போய்விடுகிறார்கள். ஒன்றியப் பள்ளிக்கு வருவோரில் பெரும்பாலோர் அந்த அலைச்சலுக்கு நாள் கூலியை விட முடியாத வீட்டுப் பிள்ளைகள்.

பெரிய ஆய்வு முடிவு எதையாவது காட்டி யாராவது ஒப்பிட்டால், அது நடந்த தேதியையும் பாருங்கள். மாணவர் கற்றலை நாடு முழுவதும் அளக்கும் தேசிய அடைவு ஆய்வு கொரோனா ஆண்டில் நடந்தது 2021 நவம்பர் 12. கொரோனாவுக்குப் பின் தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வகுப்புகள் திறந்தது அதே நவம்பர் 1. பதினொரு நாளில் எதை அளந்திருப்பார்கள்?

மறுமொழி 3: நடுநிலைப் பள்ளி ஆசிரியர்

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் இனவாரிக் கட்டத்தையே தூக்கிவிட வேண்டும் என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். 2011 கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்ட மக்களில் ஏறத்தாழ 29 சதவீதம் பேர் ஆதிதிராவிடர். ஒன்றிய அளவில், மாவட்ட அளவில் அந்தக் கட்டம் இல்லையென்றால், ஒரு குடியிருப்பின் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் பின்தங்குவது யார் கண்ணிலும் படாது. எட்டுப் பேர் உள்ள வகுப்பில் அதைச் சதவீதமாக்கிக் கூட்டத்தில் சுற்றுக்கு விட்டதுதான் பிழை. பெயர் எழுதாவிட்டாலும் மூன்று பேர் யார் யார் என்று ஊருக்கே தெரியும்.

கேள்வியாளர்

மூவருக்கும் நன்றி. இன்று காலை தலைமையாசிரியரைச் சந்தித்து மூன்றாம் வகுப்பிலிருந்து இந்த எட்டுப் பேரின் பதிவுகளைக் கேட்டேன். எடுத்து வைப்பதாகச் சொன்னார். வருகைப் பதிவேட்டை மட்டும் அங்கேயே புரட்டிப் பார்த்தோம். வாசிக்க முடியாத நால்வரில் மூவர் சென்ற ஜனவரிக்குப் பின் மாதத்துக்கு ஏழெட்டு நாள் வந்திருக்கவில்லை. அந்த மூவரில் ஒருவன் கூட்டத்தில் பேசிய உறுப்பினரின் தம்பி மகன். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இதை எப்படி எடுப்பது என்றுதான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.