சட்டமன்றத்தில் மசோதாக்கள் உரிய ஆய்வின்றி நிறைவேறுவதைத் தடுக்க என்ன வழி?

கேள்வி: சட்டக் கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பெரியவர்களுக்கு வணக்கம். 2023 ஏப்ரல் 21 அன்று, கூட்டத்தொடரின் கடைசி நாளில், தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் திருத்த மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. சில நாள்களில் அது நிறுத்தி வைக்கப்பட்டு, மே நாளன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். கங்கைகொண்டான் சிப்காட்டில் ஷிப்டு வேலைக்குப் போகும் என் அண்ணனைப் போன்றவர்களின் அன்றாடத்தையே மாற்றக்கூடிய ஒரு மசோதா, எந்தக் குழுவின் முன்பும் தொழிலாளர் தரப்பைக் கேட்காமலே அவையைத் தாண்டிவிட முடிகிறது என்பது எனக்கு மிகுந்த கவலையளிக்கிறது. இதற்கு என்ன செய்யலாம்?

மறுமொழி 1: ஓய்வுபெற்ற அரசு அலுவலர், அம்பாசமுத்திரம்

அம்மா, ஒரு மசோதாவை மட்டும் ஆராய்வதற்காக உறுப்பினர்களைக் கொண்டு அமைக்கப்படும் தேர்வுக் குழுவுக்கு அதை அனுப்ப நம் பேரவை விதிகளில் இடமுண்டு. அனுப்பும் வழக்கம்தான் அருகிவிட்டது. பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, அரசு உறுதிமொழிக் குழு ஆகியவை நம் மாவட்டத்துக்கும் வருகின்றன. காலையில் கள ஆய்வு, பிறகு கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டம். அங்கே உறுப்பினர் ஒருவர் கோப்பைக் கையில் வாங்கிக்கொண்டு தொடர்ந்து நான்கு கேள்வி கேட்டால், அவையில் கிடைக்காத விவரமெல்லாம் அலுவலர்களிடமிருந்து வெளிவந்துவிடும். ஆனால் இக்குழுக்கள் பார்ப்பது பெரும்பாலும் முடிந்துபோன செலவையும் கொடுத்த வாக்குறுதியையும்தான். வரப்போகும் சட்டத்தைப் பார்ப்பதற்குத் துறைவாரியான நிலைக்குழு, அதாவது ஒவ்வொரு துறைக்கும் நிரந்தரமாக இயங்கும் உறுப்பினர் குழு, நமக்கு வேண்டும். கேரளத்தில் 1980 முதலே அத்தகைய குழுக்கள் மசோதாக்களை ஆராய்கின்றன. நாடாளுமன்றத்தில் 1993-இல் துறைசார் நிலைக்குழுக்கள் வந்தன. கேரளத்தில் துறை அமைச்சரே குழுத் தலைவராக இருப்பது ஒரு குறை என்பது என் கருத்து. நாம் அமைத்தால் அதைத் தவிர்த்துவிடலாம்.

மறுமொழி 2: விவசாயி, திசையன்விளைப் பக்கம்

அண்ணாச்சி சொன்னதை ஏற்கிறேன். ஆனால் குழு அமைத்தாலும் அவை கூடும் நாள்கள் போதாவிட்டால் என்ன பயன்? இரண்டு கூட்டத்தொடர்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்று மட்டுமே அரசியலமைப்பின் 174-ஆவது பிரிவு சொல்கிறது. ஆண்டுக்குக் குறைந்தது இத்தனை நாள் கூட வேண்டும் என்று சொல்லவில்லை. தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புக் கால்வாய்க்கு 2009-இல் அடிக்கல் நாட்டினார்கள். 2025-இல்தான் அது பயன்பாட்டுக்கு வந்தது. 369 கோடி ரூபாயில் தொடங்கிய மதிப்பீடு ஆயிரம் கோடியைத் தாண்டியது. இடைப்பட்ட காலத்தில் துறைகளுக்கான செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கைகள் எத்தனை நிறைவேறின! தண்ணீர் எப்போது வரும் என்று எங்கள் பகுதிக் குளங்களை நம்பியிருந்தவர்கள் கேட்ட கேள்விக்கு, துறை வாரியாக நின்று நிதானமாக விவாதிக்க அவைக்கு நாள் இருந்திருந்தால் விடை முன்பே கிடைத்திருக்கும். குறைந்தபட்ச அமர்வு நாள்களை விதியிலேயே எழுதிவிட வேண்டும்.

மறுமொழி 3: வழக்கறிஞர், திருநெல்வேலி நகரம்

இருவரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தால், இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சி இடும் கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியையே இழக்க நேரிடலாம். ஆட்சி கவிழும் வாக்கெடுப்புக்கு இது பொருந்தலாம். சாதாரண மசோதா ஒன்றுக்கும் இதே அச்சம் இருந்தால், ஆளுங்கட்சி உறுப்பினர் தம் தொகுதி மக்களின் எதிர்ப்பை எப்படி வாக்காக மாற்றுவார்? தகுதியிழப்பை நம்பிக்கை வாக்கெடுப்பு போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று 1990-இலேயே தேர்தல் சீர்திருத்தம் குறித்து ஆராய்ந்த தினேஷ் கோஸ்வாமி குழு பரிந்துரைத்தது. அதைச் செய்ய வேண்டியது நாடாளுமன்றம். நம் கையில் இல்லை.

மாநிலம் தானாகவே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. வரைவுச் சட்டங்களைக் குறைந்தது 30 நாள் பொதுவெளியில் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்று மத்திய அரசு 2014-இல் ஒரு கொள்கை வகுத்தது. அங்கேயே அது சரியாகக் கடைப்பிடிக்கப்படுவதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் அதை நம் பேரவை விதியாகவே ஆக்கி, வரைவைத் தமிழில் முன்கூட்டியே வெளியிட்டால், கங்கைகொண்டான் தொழிலாளி தம் ஆட்சேபத்தை மசோதா அவைக்கு வருமுன்பே எழுதி அனுப்ப முடியும்.