நீலிங் பஸ்ஸுக்கு "தணி" சரிப்படுமா?

எல்லாருக்கும் வணக்கம்ங்க,

ஆளு ஏறறதுக்காக ஒரு பக்கமா கீழ எறங்கிக் குடுக்கற பஸ்ஸுக்கு (kneeling bus) தமிழ்ல என்ன பேரு வைக்கலாம்னு நம்ம குழுவுல பேசிட்டு இருக்கோம்ல, அதுக்கு அக்கா சொன்ன "மண்டியிடும் பேருந்து", ஐயா சொன்ன "குனிபேருந்து" ரெண்டையும் ரெண்டு நாளா வாயில போட்டு மென்னு பாத்துட்டேன், எறங்க மாட்டேங்குது. மண்டி போடறதுன்னா எனக்கு வீட்டுப்பாடம் எழுதாம போன நாள்தான் ஞாபகம் வருது. ஒருத்தர் ஏறறதுக்கு வண்டி எதுக்குங்க தண்டனை வாங்கணும்? குனியறதுன்னா முன்னால வளையறது, இந்த பஸ் அப்படி வளையறதில்ல, வாசப்படி இருக்கற பக்கமா எறங்குது. அடியில ஸ்பிரிங் பட்டைக்குப் பதிலா காத்துப்பை இருக்கும், டிரைவர் பட்டனை அமுக்குனா அந்தப் பக்கத்துப் பையில இருந்து கொஞ்சம் காத்து வெளிய போகும், அவ்வளவுதான் சங்கதி.

"தாழ்தளப் பேருந்து"ல கை வைக்க வேண்டாம். 2024ல சென்னையில புது வண்டிங்க ஓட ஆரம்பிச்சதுல இருந்து பேப்பர்லயும் வந்து நெலச்சுப்போச்சு. ஆனா அது வண்டியோட அமைப்பு, தரை 400 மிமீ உயரத்துலயே இருக்கு (சாதா பஸ்ல 900 வரைக்கும் போகும்). நாம தேடறது அது செய்யற வேலைக்கு ஒரு சொல்லு. அந்த 400ல இருந்தும் இன்னும் மூணு நாலு விரக்கடை எறங்குதே, அது. மூணு விரக்கடை என்ன பெருசான்னு கேக்கலாம், நடைமேடை 150 மிமீ இருந்து பஸ்ஸும் அதை ஒட்டி நின்னா மிச்சம் ஏற வேண்டியது ஒரு சாண் கூட வராது, பலகையைப் போட்டா சக்கர நாற்காலி சுலபமா போயிரும். நம்ம சேலம் அஞ்சு ரோட்டுல நடு ரோட்டுலயே நிறுத்தி "ஏறு ஏறு"ன்னா எந்தச் சொல்லும் காப்பாத்தாது, அது வேற கதை.

எங்க சித்தப்பாவுக்கு சின்ன வயசுல போலியோ, காலுக்கு காலிப்பர் (கால தாங்கற கம்பிக் கட்டு). டவுன் பஸ்ல ஏறணும்னா முதப்படியில உக்காந்து, கைய ஊணி ஒவ்வொரு படியா பின்னாடியே நகர்ந்து மேல போவாரு, வேட்டியெல்லாம் அழுக்கு. போன வருசம் சென்னைக்கு கூட்டிட்டுப் போயிருந்தேன், அந்த பஸ் புஸ்ஸுன்னு எறங்குனத பாத்துட்டு "டேய், நமக்குன்னு தணிஞ்சு குடுக்குதுடா"ன்னாரு. அன்னைக்கு எனக்கு இது கலைச்சொல்லுன்னு தோணல, இப்ப இந்த விவாதம் வந்தப்பதான் உறைச்சுது.

தணிவான கூரை, தணிஞ்ச எடம்னு நம்ம பக்கம் வாயில இருக்கற சொல்லுதானுங்க. தணியறது பஸ், தணிக்கறது டிரைவர், ரெண்டுக்கும் தனித்தனியா வினை கிடைக்குது. கண்டக்டர் "அண்ணே, கொஞ்சம் தணிங்க"ன்னு குரல் குடுக்கலாம், "மண்டியிடச் செய்யுங்கள்"னு எந்த கண்டக்டர் கத்துவாரு? கோவந்தானே தணியும்னு ஐயா சொல்லுவீங்க, திருத்தணிக்கே அந்தக் கதைதான், தெரியும். தாகமும் தணியுது, காய்ச்சலும் தணியுது, பஸ்ஸும் தணிஞ்சுட்டுப் போகட்டுமே. எனக்கு இருக்கற ஒரே பயம் பெயர்ச்சொல்லுதான், "தணிப்பு"ன்னு வச்சா பரவால்ல, யாராவது "தணிக்கை வசதி"ன்னு எழுதிட்டா ஆடிட்டர் வந்துருவாரு.

ஏற்காடு பஸ்ஸுக்கு இது செல்லுமான்னு அக்கா கேட்டிருந்தீங்க. 20 கொண்டை ஊசி வளைவு, வளைவுல ஏறி திரும்பறப்போ அடி தட்டாம இருக்கணும், அங்க தாழ்தளம் கஷ்டம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தோட 41ஆம் பிரிவும் பழைய வண்டிகள தொழில்நுட்பப்படி முடியற, பாதுகாப்பான எடத்துலதான் மாத்தச் சொல்லுது. மலை பஸ்ஸுக்கு நாற்காலியோட மேல தூக்கற லிஃப்ட் வேணும்னா அதுக்கு வேற சொல்லு பாக்கணும், "ஏற்றுமேடை"ன்னு நான் ஒண்ணு வச்சிருக்கேன், அவ்வளவா பிடிக்கல.

அப்புறம் நாற்காலி ஏறறதுக்கு பஸ்ஸுல மடிச்சு வச்சிருந்து வெளிய விரிக்கறத "சாய்தளம்"னு போட்டிருக்கீங்க, அது கட்டடத்துக்கு. பஸ்ல அது பலகைதான், சித்தப்பாவும் பலகைன்னுதான் சொன்னாரு. அரசோட கலைச்சொல் தொகுப்பான சொற்குவைக்கு அனுப்பறதுக்கு முன்னாடி அதையாவது மாத்திருங்க.