12 வயசுப் பொண்ணு துப்பாக்கி சுடக் கத்துக்கணும்கிறா, விடலாமா?

நீடாமங்கலம் அம்மா:
வணக்கம். எங்களுக்கு நீடாமங்கலம் பக்கம். பொண்ணுக்கு 12 முடிஞ்சிடுச்சு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல மனு பாக்கர் ஏர் பிஸ்டல்ல வெண்கலம் வாங்கினதை டிவியில பார்த்ததுலேர்ந்து இதே பேச்சுதான். வேளாங்கண்ணி திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போனா பலூன் சுடுற கடையை விட்டு நகர மாட்டேங்குறா. என் தம்பி, தெளிச்ச நெல்லை மயில் பொறுக்குதுன்னு ஒரு ஏர்கன் வாங்கி வச்சிருக்கான். "கிளப்புக்கெல்லாம் எதுக்குக்கா அலையுற, கொல்லையிலேயே நான் சொல்லித் தரேன்"ங்கிறான். மாமியார், பொம்பளப் புள்ளைக்கு இது என்ன வேலைன்னு திட்டுறாங்க. வீட்டுக்காரர் துபாயில இருக்கார், உன் இஷ்டம்னு சொல்லிட்டார். வீட்டுல எட்டு வயசுப் பையன் வேற இருக்கான், அதான் பயமா இருக்கு. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வலங்கைமான்காரன்:
அக்கா, நான் இப்ப டெக்சாஸ்ல இருக்கேன். வேண்டாம்னுதான் சொல்லுவேன். இங்க பள்ளிக்கூடத்துலயே, யாராவது துப்பாக்கியோட உள்ள வந்தா கதவைச் சாத்திட்டு, விளக்கை அணைச்சுட்டு மூச்சு விடாம உட்காரணும்னு சின்னப் புள்ளைங்களுக்குப் பழக்குறாங்க. எம்பையன் விளையாடப் போற வீட்டுல துப்பாக்கி இருக்கா, இருந்தா பூட்டி வச்சிருக்காங்களான்னு கேட்டுட்டுத்தான் அனுப்புறோம். கண்ணுல பட்டா தொடாதே, அங்கேயிருந்து வந்துடு, பெரியவங்ககிட்ட சொல்லுன்னு சொல்லி வச்சிருக்கோம். அந்தக் கவலையே இல்லாத ஊர்ல இருந்துக்கிட்டு நாமளா ஏன் இழுத்து விட்டுக்கணும்?

கும்பகோணம் பி.டி. வாத்தியார்:
அம்மா, நான் உடற்கல்வி ஆசிரியரா இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளியில என்.சி.சி.யும் என் பொறுப்புதான். உங்க பொண்ணு கத்துக்கட்டும். உங்க தம்பிகிட்ட மட்டும் வேண்டாம்.

டெக்சாஸ் தம்பி சொல்றது அவர் ஊருக்கு முழுக்க நியாயம். இங்க சட்டமே வேற. 21 வயசு ஆகாம யாருக்கும் துப்பாக்கி லைசென்ஸ் கிடையாது. 2016 ஆயுத விதிகள், விளையாட்டுப் பயிற்சிக்காக மட்டும் 12 வயசுலேர்ந்து இளையோருக்கு இடம் கொடுக்குது. பொண்ணு கத்துக்கப் போறது ஏர் ரைபிளோ ஏர் பிஸ்டலோதான். காத்தழுத்தத்துல 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு போகும், வெடிமருந்து கிடையாது.

அதுக்காக அதைப் பொம்மைன்னு நினைச்சிடாதீங்க. கண்ணுல பட்டா கண்ணு போயிடும். பலூன் கடையில எனக்கு ஆத்திரம் வர்றதே அதனாலதான். புள்ளை சுட்டுட்டு, "அப்பா பாத்தியா"ன்னு துப்பாக்கியோட அப்படியே திரும்பும். குழல் நேரா ஜனங்க மேல நிக்கும். அப்பாவும் கை தட்டுவார்.

எங்க என்.சி.சி. ஃபயரிங்ல சிவப்புக் கொடி ஏத்தாம ஒரு ரவுண்டு போகாது. உத்தரவு வர்ற வரைக்கும் யார் விரலும் விசைக்குள்ள போகக் கூடாது. சுட்டு முடிச்ச பிறகு .22 காலித் தோட்டாவைப் பொறுக்கி எண்ணிக் கொடுக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் மொத்தப் பசங்களும் வெயில்ல புல்லைத் துழாவணும். அந்த வயசுப் பசங்க முணுமுணுப்பாங்கதான். ஆனா ரகளை பண்ற பையன்கூட அந்த மைதானத்துல குரலைத் தாழ்த்திப் பேசுவான். அடங்காத பையனைத்தான் நான் முதல்ல கூட்டிட்டுப் போவேன்.

கிளப்புலயும் முறை அதுதான். சுடுற இடத்துக் கோட்டுக்கு வந்தா குழல் இலக்கைப் பார்த்தே இருக்கணும். சுடாத நேரத்துல குழலுக்குள்ள கலர் நூல் மாதிரி பாதுகாப்புக் கொடி செருகியிருக்கணும், குண்டு இல்லைன்னு தூரத்துலேர்ந்தே தெரியும். நல்ல கோச் ஆரம்பத்துல குண்டே கொடுக்க மாட்டார். நிக்கிறது, மூச்சை விட்டுப் பாதியில நிறுத்துறது, விசையைச் சுண்டாம மெதுவா அழுத்துறது, இதையே வெள்ளைச் சுவரைப் பார்த்துச் செய்யச் சொல்வார். பொண்ணுக்கு அலுக்கும். அந்த அலுப்பைத் தாண்டினா அவளுக்கு இது வரும். ஏர் ரைபிள் இலக்குல நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். போட்டியில ஒண்ணேகால் மணி நேரத்துக்குள்ள 60 குண்டு. அத்தனை நேரம் மனசை ஒரே இடத்துல வைக்கிற பழக்கம் பன்னிரண்டு வயசுல கிடைச்சா, படிப்புக்கும் அது சொத்து.

மாமியார்கிட்ட சொல்லுங்க, ஒலிம்பிக் வரைக்கும் போன இளவேனில் வாலறிவன் நம்ம கடலூர்ல பொறந்த பொண்ணு. மனு பாக்கருக்கு டோக்கியோவில போட்டி நடுவுல பிஸ்டல் பழுதாகி இறுதிச் சுற்று போச்சு. மூணு வருஷம் கழிச்சு பாரிஸ்ல ரெண்டு வெண்கலம்.

இப்ப உங்க தம்பி விஷயம். மயில் மேல ஏர்கன்ல சுட்டாலும் அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஜெயிலுக்குப் போற குற்றம். கொக்கு, மடையானுக்கும் அந்தச் சட்டம் உண்டு. அதைவிட எனக்குப் பெரிசு, உயிரைக் குறி பார்த்துக் கத்துக்கிற புள்ளைக்கு முதல் பாடமே தப்பாப் போயிடும். மேலே ஓடு, பக்கத்துல சுவர், இடையில மாடு கட்டியிருக்கிற கொல்லையில குண்டு தெறிச்சு எங்க போகும்னு யாருக்கும் தெரியாது. மயிலை விரட்ட வயல்ல தகரம் தட்டட்டும், வலை கட்டட்டும்.

நீடாமங்கலம் அம்மா:
ரொம்ப நன்றிங்க சார். தம்பியோட ஏர்கன் பரண் மேல சும்மாதான் கிடக்கு, குண்டு டப்பாவும் பக்கத்துலயே இருக்கு. எங்க கிளப் இருக்கு? முதல்லயே துப்பாக்கி வாங்கணுமா? அவ்வளவு வசதி இல்லீங்க.

கும்பகோணம் பி.டி. வாத்தியார்:
இன்னிக்கே அதைப் பீரோவுல வச்சுப் பூட்டுங்கம்மா. குண்டு டப்பா வேற இடத்துல, வேற பூட்டுல இருக்கணும். பரண்ங்கிறது எட்டு வயசுப் பையனுக்கு ஒரு நாற்காலி தூரம்தான். தம்பி கோவிச்சுக்கிட்டா என் பேரைச் சொல்லுங்க.

திருச்சியில ரைபிள் கிளப் இருக்கு. 2022-ல நடிகர் அஜித் கலந்துக்கிட்ட மாநிலப் போட்டி நடந்தது திருச்சியிலதான். நீடாமங்கலத்துலேர்ந்து தஞ்சாவூர் வழியா ரயில்லயே போயிடலாம். போறதுக்கு முன்னாடி போன் பண்ணி இளையோர் சேர்க்கை, கட்டணம், என்னென்ன சான்று வேணும்னு கேட்டுக்குங்க. கிளப் துப்பாக்கியிலேயே ஆரம்பிக்க முடியுமான்னும் கேளுங்க. ஒரு வருஷம் பொண்ணு நிலைச்சு நிக்கிறாளான்னு பாருங்க, அதுக்கு முன்னாடி சொந்தமா எதுவும் வாங்காதீங்க.

வலங்கைமான்காரன்:
சார், பூட்டுற விஷயத்துல உங்க கட்சிதான் நானும். கிளப்லயே துப்பாக்கி இருந்துடும்னா எனக்கும் மறுப்பில்லை.

நீடாமங்கலம் அம்மா:
பூட்டியாச்சுங்க சார், சாவி என்கிட்ட. சனிக்கிழமை திருச்சிக்குப் போறோம். பொண்ணு இடது கையால எழுதுவா, பரவாயில்லையா?

கும்பகோணம் பி.டி. வாத்தியார்:
தாராளமா. கையைவிடக் கண்ணு முக்கியம். ரெண்டு உள்ளங்கையையும் நீட்டிச் சேர்த்து, நடுவுல சின்ன ஓட்டை விட்டு, அது வழியா தூரத்துத் தென்னையைப் பார்க்கச் சொல்லுங்க. ஒவ்வொரு கண்ணா மூடினா, எந்தக் கண்ணுல மரம் அப்படியே நிக்குதோ அந்தக் கண்ணைக் கோச்கிட்ட சொல்லுங்க. கண்ணாடி போடுறவளா இருந்தா மறக்காம எடுத்துக்கிட்டுப் போங்க. குண்டு ஈயம், தொட்ட கையோட எதையும் சாப்பிட விடாதீங்க, சோப்புப் போட்டுக் கழுவணும்.